பில்லில் யார் பெயர்?

லேப்டாப்பை கம்பெனியிடமே வாங்குவதா, கடையில் வாங்குவதா? கல்லூரி சேர்க்கைக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் விவாதம்

சனிக்கிழமை மாலை நாலு மணி. சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால் கால் வைக்க இடமில்லை. தோரணம் போலத் தொங்கும் கேபிள்கள், தலைச்சுமையாகப் போகும் அட்டைப்பெட்டிகள், "லேப்டாப்பா சார், சிசிடிவியா?" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் பையன்கள். நரசிங்கபுரம் தெரு முனையில் குறுகலான படியேறி, முதல் மாடியில் இருந்த ஒரு கடைக்குள் போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, மகள். விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வந்தவர்கள். மகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. அம்மா மடியில் வைத்திருந்த மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார்.

மகள் செல்போனில் தயாரிப்பு நிறுவனத்தின் இணையக் கடையைத் திறந்து நீட்டினாள். "அண்ணா, இதே மாடல் கம்பெனி சைட்ல மூவாயிரம் கம்மியா போட்டிருக்காங்க." கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கடைசி ரெண்டு எழுத்தைப் பாரும்மா. அது வேற, இது வேற." அவள் போனையும் அட்டைப்பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உண்மைதான், எழுத்து வேறாக இருந்தது. அதுவரை பேசாமல் இருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ரிப்பேர் ஆனா நான் யாருகிட்ட வந்து நிக்கணும்?"

இந்தக் கட்டுரை முழுக்க அவருடைய அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். மூவாயிரம் ரூபாய் குறைவா, பை இலவசமா, மவுஸ் இலவசமா என்பதெல்லாம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் பெரிதாகத் தெரியும் விஷயங்கள். ஒரு லேப்டாப் நான்கு வருடப் படிப்புக்கும் உழைக்க வேண்டும். அந்த நான்கு வருடத்தில் எப்போதாவது ஒருநாள் திரை கறுத்துப் போனால், யார் பதில் சொல்வார்கள் என்பது வாங்கிய இடத்தைப் பொறுத்து நிறையவே மாறுகிறது.

விடுதி அறையில் தொடங்கிய கதை

கடையே இல்லாமல் கணினி விற்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் மைக்கேல் டெல். 1984இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயதில், ஆயிரம் டாலர் முதலோடு ஆரம்பித்தார். ஆர்டர் வந்த பிறகுதான் கணினியைச் சேர்ப்பார். வாடிக்கையாளர் பணம் முதலில் வந்துவிடும், உதிரிபாகம் கொடுத்தவருக்குப் பிறகு கொடுத்தால் போதும். கிடங்கில் சரக்கு தேங்காது, நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை. 1996இல் இணையத்திலும் விற்பனை தொடங்கி, 2001இல் டெல் நிறுவனம் கணினி விற்பனையில் உலகின் முதலிடத்துக்கு வந்தது. அப்புறம் வீடுகளுக்கு லேப்டாப் போகத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கையில் தூக்கிப் பார்க்காமல், விசைப்பலகையைத் தட்டிப் பார்க்காமல் வாங்க ஜனங்களுக்கு மனம் வரவில்லை. 2007இல் அதே டெல், வால்மார்ட் கடை அலமாரிகளில் தன் கணினிகளை வைத்தது. அதே ஆண்டில்தான் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

ஆப்பிள் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் முதல் இரண்டு சொந்தக் கடைகளைத் திறந்த அந்த நிறுவனம், இந்தியாவில் 2020 செப்டம்பரில்தான் சொந்த இணையக் கடை தொடங்கியது. மும்பையிலும் டெல்லியிலும் சொந்தக் கடை திறக்க 2023 ஏப்ரல் ஆனது. அவ்வளவு தாமதத்துக்குப் பெரிய காரணம், ஒற்றை பிராண்டு சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு இருந்த உள்நாட்டுக் கொள்முதல் நிபந்தனை. 2019இல் அது தளர்த்தப்பட்ட பிறகே வழி திறந்தது.

நம் ஊரில் பெரும்பாலான லேப்டாப்புகள் இன்றும் நடந்து வரும் பாதை பழையதுதான். தயாரிப்பாளரிடமிருந்து தேசிய விநியோகஸ்தர், அவரிடமிருந்து டீலர், டீலரிடமிருந்து நம் தெருக் கடை. அந்த விநியோகஸ்தர்களில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான ரெடிங்டன் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

'கம்பெனி ஷோரூம்' யாருடையது?

இங்கேதான் முதல் குழப்பம். ஊர் ஊருக்கு ஒரே ஒரு பிராண்டின் பெயரை மட்டும் எழுதிய பளபளப்பான ஷோரூம்கள் இருக்கின்றன. ஊழியர்கள் கம்பெனி முத்திரை போட்ட டி-ஷர்ட் அணிந்திருப்பார்கள். 'நேரா கம்பெனியிலேயே வாங்கிட்டோம்' என்று நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். பில்லைப் பிரித்துப் பார்த்தால், மேலே ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு என்டர்பிரைசஸ். பெயர்ப்பலகை கம்பெனியுடையது, கடை உள்ளூர் முதலாளி ஒருவருடையது. இதில் தவறு எதுவும் இல்லை. பிரான்சைஸ் வியாபாரம் என்பது அதுதான். அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதுதான் விஷயம். அந்த முதலாளி கடையை மூடிவிட்டால், அவர் தனியாகக் கொடுத்த வாக்குறுதிகளும் அதோடு போய்விடும்.

ஆன்லைன் சந்தைகளிலும் இதே கதை. அந்நிய முதலீட்டில் இயங்கும் சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கு வைத்து விற்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆகவே அந்தத் தளத்தில் ஒரு பிராண்டின் பெயரில் தனிப் பக்கம் இருந்தாலும், பில் போடுபவர் வேறு விற்பனையாளர். சில தயாரிப்பாளர்களின் சொந்த இணையக் கடையிலேயேகூட பில் வேறு நிறுவனத்தின் பெயரில் வரும். பணம் கட்டும் முன் 'விற்பவர்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அரை நிமிடம் போதும். இத்தனை வருடமாக லேப்டாப் வாங்கும் நானே அதைச் சில வருடங்களுக்கு முன்புதான் பார்க்கத் தொடங்கினேன்.

கோவில்பட்டியில் ஒரு ஹின்ஜ்

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோவில்பட்டியில் இருக்கும் அக்கா மகனுக்கு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையக் கடையிலேயே நான் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். மாணவர் சலுகை இருந்தது. வெளிக்கடை விலையைவிட ஆறாயிரம் குறைவு. 16 ஜிபி ரேம் வேண்டும் என்று தேர்வு செய்ய முடிந்தது. உள்ளூர்க் கடைகளில் அன்றைக்கு எல்லாமே 8 ஜிபிதான். ஐந்தாம் நாள் பெட்டி வீட்டு வாசலுக்கு வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராவது மாதம், மூடியைத் திறக்கும்போது இடதுபக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். திரையைத் தாங்கும் ஹின்ஜைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. லேப்டாப் கீழே விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. திறந்து மூடியதுதான். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் ஆங்கிலம் அல்லது இந்தி. அக்கா மகன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது: பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது.

வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ஆன்சைட் வாரண்டி என்றுதான் வாங்கும்போது போட்டிருந்தது. அது பின்கோடைப் பொறுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பின்கோடுக்கு ஆள் வரமாட்டார். திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக வேண்டும். அக்கா அதை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். அங்கேயும் கம்பெனி ஊழியர்கள் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த இன்னொரு நிறுவனம். அவர்கள் கையில் எந்த முடிவும் இல்லை, அனுமதி மேலிருந்து வர வேண்டும். குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஈமெயிலில் பில், போட்டோ, முந்தைய பதில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி நான் அனுப்பிய பிறகு, 24ஆவது நாள் இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த 24 நாளும் பையன் செமஸ்டர் பிராஜெக்ட்டைப் பக்கத்து வீட்டு நண்பனுடைய லேப்டாப்பில், அவன் தூங்கிய பிறகு செய்தான்.

அந்த நண்பன் தன்னுடையதைக் கோவில்பட்டியிலேயே ஒரு கடையில் வாங்கியவன். அவனுக்கு கீபோர்டு போனபோது கடைக்காரரே வாங்கி வைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி போகிறவர், பத்து நாளில் சரி செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டார். சர்வீஸ் சென்டர் அதே மாதிரிதான். ஆனால் அந்தப் படியேறி, அந்த கவுன்டரில் நின்று, அவர்கள் பாஷையில் பேச ஒருவர் இருந்தார். ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து நான் இழந்தது அந்த மனிதரைத்தான்.

ஆனாலும் கடைதான் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதே நண்பனின் லேப்டாப்பில் வேறொரு கோளாறு இருந்தது, அது வாங்கிய அன்றே உள்ளே வந்தது. அவன் வாங்கிய மாடல் ஃப்ரீடாஸ் மாடல். அதாவது, கம்பெனி விண்டோஸ் போடாமல் குறைந்த விலைக்கு விற்பது. கடையில் 'நாங்களே விண்டோஸ் போட்டுத் தர்றோம்' என்று ஏற்றிக் கொடுத்தது திருட்டு நகல். இரண்டாம் ஆண்டில் வைரஸ் புகுந்து ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. கம்பெனியும் கைவிரித்தது, கடைக்காரரும் கைவிரித்தார். அவன் சேர்த்து வைத்திருந்த இரண்டு வருட லேப் ரெக்கார்டு போயிற்று.

▪ பெட்டியைப் பிரிக்கும் முன்

▪ அட்டைப்பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி ஆகியவை கட்டாயம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தேதி ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால் அது பழைய சரக்கு. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

▪ பெட்டியின் சீரியல் எண், லேப்டாப் அடியில் உள்ள எண், பில்லில் எழுதிய எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வாரண்டி எப்போது முடிகிறது என்று காட்டும்.

▪ கடையில் ஆறு மாதம் தூங்கிய சரக்கில், கம்பெனி விநியோகஸ்தருக்கு அனுப்பிய நாளிலிருந்தே வாரண்டி ஓடத் தொடங்கியிருக்கலாம். பில்லை அனுப்பினால் வாங்கிய தேதிக்குத் திருத்தித் தருவார்கள். வாங்கிய வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

▪ லேப்டாப்புக்கு மூன்று வருடம் வாரண்டி என்றாலும், பெரும்பாலும் பேட்டரிக்கு ஒரு வருடம்தான்.

▪ வீட்டுக்கு வரும் பெட்டியைப் பிரிக்கும்போது, முகவரி ஒட்டிய பக்கம் தெரியும்படி தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

விலை ஒளிந்திருக்கும் இடங்கள்

விழுப்புரத்துப் பெண் காட்டிய மூவாயிரத்துக்குத் திரும்புவோம். ஒரே பெயரில், ஒரே படத்தில், மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மட்டும் மாறி பல லேப்டாப்புகள் சந்தையில் உண்டு. பெரிய கடைச் சங்கிலிக்கு ஒன்று, ஆன்லைன் சந்தைக்கு ஒன்று, கம்பெனி தளத்துக்கு ஒன்று. உள்ளே ஏதாவது ஒன்று மாறியிருக்கும். பெரும்பாலும் அது திரைதான். 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று குறிப்பிட்டிருந்தால் வெளிறிய திரை என்று அர்த்தம். சிவப்புப் புடவை செங்கல் நிறத்தில் தெரியும். அடுத்து ரேம். மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம் என்றால் பின்னால் கூட்ட முடியாது. 'ஐ5' என்று மட்டும் எழுதி, அது எத்தனையாவது தலைமுறை என்பதைச் சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. கேம் ஆடுகிற பையன்கள் கேட்கும் கிராபிக்ஸ் கார்டிலும் இந்தச் சங்கடம் உண்டு: ஒரே பெயருள்ள கார்டு, ஒரு லேப்டாப்பில் மற்றதைவிடப் பாதி மின்சக்தியில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். வேகமும் அதற்கேற்பக் குறையும்.

இந்த விவரங்களைத் தெளிவாக எழுதிவைப்பதில் தயாரிப்பாளரின் தளமே மேல். திரையைக் கண்ணால் பார்ப்பதற்குக் கடையே மேல். இரண்டையும் பயன்படுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், அவரிடமே கடைசி விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்வதுதான் மரியாதை. பல நேரம் அவர் அந்த விலைக்கு வந்துவிடுவார்.

லேப்டாப்பில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் மெல்லியது. அவர் சம்பாதிப்பது பை, ஆன்டிவைரஸ், கடன் கமிஷன், 'எக்ஸ்ட்ரா வாரண்டி' இவற்றில். கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். கடையில் விற்கும் பாதுகாப்புத் திட்டம் பல நேரம் மூன்றாவது நிறுவனம் ஒன்றுடையது. அதற்கு கம்பெனி பொறுப்பில்லை. தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பு வாரண்டியை, முதல் வாரண்டி முடியும் முன் அவர்கள் தளத்திலேயே பெரும்பாலும் வாங்க முடியும். அன்றைக்கே கவுன்டரில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

அடுத்து 'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டியே இல்லாத தவணைத் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குத் தடை செய்துவிட்டது. இப்போது நடப்பது, வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிட்டு மாதாமாதம் வசூலிப்பது. 60,000 ரூபாய் லேப்டாப்பை 12 தவணையில், மாதம் 5,000 வீதம் கிரெடிட் கார்டில் வாங்கினால், வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வட்டி மட்டும் சுமார் 4,600 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 830 ரூபாய், உங்கள் கணக்கில்தான் ஏறும். கூடவே பிராசஸிங் கட்டணம். மொத்தப் பணமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி தனி. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குத் தவணை பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. அது இலவசம் என்று நினைத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

▪ சட்டம் உங்கள் பக்கம்

▪ 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிகம்.

▪ ஆன்லைனில் விற்பவரின் குறைதீர்ப்பு அதிகாரி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

▪ தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.

▪ ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை

நேரடியாக வாங்கப் பயப்படுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம், 'கம்பெனி எங்கேயோ இருக்கு, நாம எங்கே போய் கேஸ் போடுறது?' 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, சிக்கல் உருவான இடத்திலோதான் வழக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விழுப்புரத்துக்காரர் விழுப்புரத்திலேயே கொடுக்கலாம், எதிர்த்தரப்பு பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும். புகாரில் விற்றவர், தயாரித்தவர், சர்வீஸ் செய்தவர் மூவரையும் சேர்த்துக்கொள்வதுதான் நடைமுறை. 'அவரைக் கேளுங்கள், இவரைக் கேளுங்கள்' என்று ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவதை அது நிறுத்துகிறது.

இந்த ஒரு மாற்றத்தைப் பற்றி இன்னும் எவ்வளவோ பேருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. முன்பு பல வீடுகளுக்கு இந்தக் கவலையே இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு மாணவர்களுக்காக மொத்தமாக வாங்கியது. பேரம், நிபந்தனை எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொண்டது. ஏராளமான வீடுகளில் முதல் கணினி அதுதான். தன் கைக்காசில் வாங்கும்போது அந்த வீட்டுக்குப் பேரம் பேச எல்காட் இல்லை. பில்லும் சட்டமும்தான் இருக்கின்றன.

என் கருத்து

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊரில் இருந்து, என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்து, ஆன்சைட் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டு என்று எழுத்தில் உறுதியானால், தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். ரேம், திரை எல்லாம் கேட்டபடி கிடைக்கும், வாரண்டி தேதியில் குழப்பம் வராது, மாணவர் சலுகையும் கிடைக்கும். கேட்டபடி சேர்த்துத் தரும் லேப்டாப் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால் கல்லூரி திறக்கும் வாரத்தில் ஆர்டர் போடாதீர்கள்.

சிறிய ஊர், வீட்டில் முதல் லேப்டாப், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லை என்றால், ஓரிரண்டு ஆயிரம் கூடினாலும் உள்ளூர்க் கடை. ஆனால் முழு ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் எண், ஒரிஜினல் விண்டோஸ் ஏற்கெனவே உள்ள மாடல், உங்கள் கண்முன் பிரித்த சீல் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையிலேயே ரேம் கூட்டிப் போட்டால், அதைத் தனி வரியாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த ரேமுக்குப் பொறுப்பு கடைக்காரர், கம்பெனி இல்லை. பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வாங்கவே வேண்டாம்.

அந்த முதல் மாடிக் கடைக்குத் திரும்பிப் போகிறேன். ஒன்றரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு விலை இரண்டாயிரத்து ஐநூறு இறங்கியிருந்தது. கடைக்காரர் தன் செல் நம்பரைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மகள் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, அடியில் இருந்த சீரியல் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். அப்பா பில்லில் விரலை வைத்துச் சரிபார்த்தார். அம்மா மஞ்சள் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார்.

கீழே இறங்கி வந்தபோது அவர்கள் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தார்கள். பஸ் டிக்கெட் மாதிரி வழவழப்பான காகிதத்தில் அடித்த பில். அந்த எழுத்து நாளாவட்டத்தில் மங்கி, வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். விழுப்புரத்துக்காரருக்கு அது தெரிந்திருந்தது. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டு செட்" என்றார் கடைப் பையனிடம். பின்பக்கம்தான் அந்த செல் நம்பர் இருந்தது.